திம்னா நகரத்துக் கல்முகங்களை வாங்குவோர்க்கு

பழம்பொருள் சேகரிக்கும் பெரியோர்களே, அவர்களுக்காக விலைபேசி வாங்கித்தரும் வணிக அன்பர்களே,

உங்களுள் ஒருவரையேனும் நான் நேரில் அறியேன். எனினும் உங்கள் கூடங்கள் எப்படியிருக்கும் என்பதை, ஏலக்காரர் அச்சிட்டு அனுப்பும் வழவழப்பான விலைப்பட்டியல்களின் வாயிலாக ஓரளவு அறிவேன். வெள்ளைச் சுவர், அளவாக விழும் விளக்கொளி, கறுப்பு மரப்பீடம், அதன்மேல் ஒரு சாண் உயரத்தில், அலபாஸ்டர் என்னும் பால்வண்ணக் கல்லில் செதுக்கிய ஒரு மனிதத் தலை. நீண்டு நேராக இறங்கும் நாசியும், இறுக மூடிய சிறு வாயும், முகத்தின் அளவுக்கு மிஞ்சிய பெருங்கண்களும் உடைய அத்தலையின் கீழே, தென்னரேபியா என்றும், கிறிஸ்து பிறப்பையொட்டிய நூற்றாண்டுகள் என்றும் ஒரு வரி எழுதியிருக்கும். அந்த ஒரு வரியோடு நீங்கள் திருப்தியடைந்துவிட்டீர்கள். அவ்வரியில் எழுதப்படாமற்போனவற்றை உங்களிடம் நேராகச் சொல்லி, அதன்பின் ஒரு விண்ணப்பத்தையும் செய்துகொள்ளவே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

முதலில், அப்பொருளைச் சற்றே திருப்பிப் பாருங்கள். முன்புறத்தில் கன்னத்தின் வளைவைக்கூட மெழுகுபோல் இழைத்திருக்கும் அச்சிற்பி, பின்புறத்தைத் தட்டையாக வெட்டிவிட்டிருப்பான். உச்சந்தலையையும் அப்படியே முரடாக விட்டிருப்பான். இது அவனுடைய சோம்பலன்று. உச்சியில் சுதையால் கேசம் அமைத்துக்கொள்வது அக்காலத்து வழக்கம். முதுகுப்புறமோ எவர் கண்ணிலும் படவேண்டிய பகுதியே அன்று. சுண்ணாம்புக்கல்லில் குடைந்த ஒரு மாடத்தினுள் அத்தலையை நிறுத்தி, கழுத்தின் அடியைச் சாந்தினால் பொருத்தி, அம்மாடத்தின் கீழ்ப்பட்டையில் இறந்தவரின் பெயரையும் அவருடைய குலத்தின் பெயரையும் வெட்டி வைப்பார்கள். கண்ணின் குழியில் வேறு நிறத்துப் பொருளைப் பதித்து விழியாக்குவார்கள். உங்கள் கூடத்திலிருக்கும் தலையின் கழுத்தடியில் சாந்தின் வெண்மை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்குமானால், அது எங்கிருந்து பெயர்க்கப்பட்டது என்பதற்கு அதைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. நீங்கள் வாங்கியது ஒரு கல்லறையின் பாதி. பெயர் பொறித்த மறுபாதி, கனமாயிருந்ததாலோ, அழகில்லாதிருந்ததாலோ, விலைபோகாது என்பதாலோ, பள்ளத்தாக்கின் புழுதியில் எறியப்பட்டுவிட்டது. ஒருவருடைய பெயர் அழியாதிருக்க வேண்டுமென்று அவருடைய உற்றாரும் சுற்றத்தாரும் பொருள் செலவிட்டுச் செய்த ஏற்பாட்டில், பெயரை நீக்கிவிட்டு முகத்தை மட்டும் எடுத்துக்கொள்வதைப் போன்ற அநியாயம் ஒன்றை எண்ணிப்பார்ப்பதும் அரிது.

இத்தகைய முகங்கள் பல இடங்களில் கிடைத்தனவாயினும், அவற்றுள் பெரும்பகுதியை நாம் அறிந்தது கத்தபான் இராச்சியத்தின் தலைநகரமான திம்னாவின் இடுகாட்டினால்தான். ஏமன் நாட்டில், பைஹான் பள்ளத்தாக்கு பெருமணல்வெளியைத் தொடும் இடத்தில், இன்று ஹஜர் குஹ்லான் என்று வழங்கும் மேடே அந்நகரம். அதற்கு வடக்கே சிறிது தொலைவில், ஹைத் பின் அகீல் என்னும் குன்றின் சரிவில், அடுக்கடுக்காகக் கட்டிய கல்லறைகள் அந்நகரத்து மாந்தரின் கடைசி வீடுகளாயிருந்தன. அவர்கள் தங்களை அம்ம் என்னும் தெய்வத்தின் மக்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். குங்கிலியமும் வெள்ளைப்போளமும் ஏற்றிய ஒட்டகச் சாத்துகள் அவர்களுடைய நாட்டின் வழியாகத்தான் வடக்கே சென்றன. ரோமாபுரி ஆசிரியராகிய பிளினி, திம்னாவிலிருந்து மத்தியதரைக் கடற்கரையிலுள்ள காசா வரைக்கும் ஒட்டகங்கள் தங்கிச் செல்லும் நிலைகள் 65 என்று எண்ணி எழுதினார். வழிநெடுகத் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் தங்குமிடத்துக்கும் சுங்கத்துக்குமாக ஓர் ஒட்டகத்துக்கு 688 தினாரி செலவாகும் என்று கணக்கும் கொடுத்தார். கடவுளின் சந்நிதியில் புகைத்துக் கரைத்துவிடும் பொருளுக்கு இவ்வளவு செலவா என்று அவர் பெருமூச்செறிந்த தொனி அவ்வெழுத்தில் கேட்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒவ்வொரு காசும் எங்கே, எவருக்கு, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கூடத்துக்கு வந்துசேர்ந்த முகத்துக்கு நீங்கள் கொடுத்த விலையில் எத்தனை பங்கு யார் யாருக்குப் போயிற்று என்பதை உங்களால் சொல்ல முடியுமா?

இக்கேள்வியை நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. திம்னாவே கேட்ட கேள்வி இது. அந்நகரத்துச் சந்தைச் சதுக்கத்தின் நடுவே நான்கு பக்கங்களிலும் எழுத்து வெட்டிய ஒரு கல்தூண் நிறுத்தப்பட்டிருந்தது. ஷஹ்ர் ஹிலால் என்னும் அரசனுடைய சாசனம் அது. ஷமர் என்று பெயர்பெற்ற அச்சந்தையில் வியாபாரம் செய்ய வருகிறவன் எவனாயினும், உள்ளூரானாயினும் வெளியூரானாயினும், வரி செலுத்தி, சந்தையில் தனக்கென்று இடம் பிடித்து, சந்தை அதிகாரியின் கண்காணிப்பில் விற்கவேண்டும் என்பது அதன் சாரம். அதில் ஒரு விதி இருக்கிறது. அதைப் பற்றிப் படித்த நாளிலிருந்து என் நெஞ்சைவிட்டு அது அகலவில்லை. இரவு வேளையில் எவனும் வாணிகம் பேசலாகாது, பொழுது விடிகிறவரையில் பொறுத்திருக்கவேண்டும் என்பதே அது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பாலைநிலத்தின் ஓரத்திலிருந்த ஒரு நகரம், நேர்மையான கொடுக்கல் வாங்கல் பகல் வெளிச்சத்தில்தான் நடக்கவேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தது. அந்த நகரத்துப் பிணக்குழிகளிலிருந்து இரவில் தோண்டி, இரவில் ஏற்றி, எல்லை கடத்தி, ஒன்றுக்கு இரண்டாக இடைத்தரகர் கைமாற்றி, கடைசியில் பளிச்சென்ற விளக்கொளியில் உங்கள்முன் வைக்கப்படும் பொருளை நீங்கள் வாங்குகிறீர்கள். அந்நகரத்தின் பொருளை விரும்புகிற நீங்கள் அந்நகரத்தின் சட்டத்தையும் சிறிது விரும்பலாகாதா?

நீங்கள் சொல்லும் சமாதானங்களை நான் அறியாதவனல்லன். அவற்றுள் மிகவும் கௌரவமாக ஒலிப்பது, நாங்கள் வாங்காவிட்டால் அவை அழிந்தே போயிருக்கும் என்பது. இதில் ஒரு துளி உண்மை இல்லாமலில்லை என்பதை ஒப்புக்கொண்டே பேசுகிறேன். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏமன் நாட்டுப் போரின்போது, தமார் நகரத்து அருங்காட்சியகம் விமானக் குண்டுவீச்சில் தரைமட்டமாயிற்று; அதனுள் இருந்த பொருள்கள் சுமார் 12,500 என்று அந்நாட்டுத் தொல்பொருள் அதிகாரிகள் சொன்னார்கள். அதே மாத இறுதியில், சபா இராச்சியத்தின் பெருமையாய் நின்ற மாரிப் அணையின் பழைய மதகும் குண்டுக்கு இரையாயிற்று. பைஹான் வட்டாரமே 2021 செப்டம்பரில் ஒரு படையின் கைக்கும், 2022 ஜனவரியில் மற்றொரு படையின் கைக்கும் மாறியது. இவ்வளவு நாசத்துக்கிடையே ஒரு தலையேனும் உங்கள் வீட்டில் பத்திரமாயிருக்கிறதே என்று நீங்கள் எண்ணுவது இயல்புதான். ஆனால் அந்தத் தலை குண்டுவீச்சிலிருந்து எடுத்துவரப்பட்டதா? மண்ணுக்கடியில், எந்த விமானத்துக்கும் எட்டாமல், சாந்து காய்ந்த நாளிலிருந்து அசையாமலிருந்த ஒன்றையல்லவா கடப்பாறையால் பெயர்த்து எடுத்தார்கள்? அதைப் பெயர்த்தவர்களுக்கு உங்கள் பணமே கூலியாயிற்று. பாதுகாத்தவர் என்ற பெயரும் உங்களுக்கே கிடைக்கவேண்டும் என்றால், அது நியாயத்துக்கு அடுக்குமா?

இரண்டாவது சமாதானம் காகிதத்தில் வருவது. ஏடன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் உத்தியோகஸ்தராயிருந்த ஒருவர் 1960-ஆம் ஆண்டுகளில் வாங்கியது, அவர் குடும்பத்தார் இப்போது விற்கின்றனர் என்று பட்டியலில் எழுதியிருப்பார்கள். 1839 முதல் 1967 வரை ஏடன் ஆங்கிலேயர் வசமிருந்தது உண்மை. அங்கே பணிபுரிந்தவர்கள் பழம்பொருள்களைத் தாராளமாக வாங்கிச்சென்றதும் உண்மை. அந்த உண்மையே பொய்க்கு ஏற்ற போர்வையாகிவிட்டது. அந்த உத்தியோகஸ்தரின் பெயர் என்ன, கப்பலில் ஏற்றிய சீட்டு எங்கே, அவர் வீட்டு மேசையில் அத்தலை நிற்கும் பழைய புகைப்படம் ஒன்றேனும் உண்டா என்று நீங்கள் கேட்டீர்களா? ஒரு வீட்டு மனையை வாங்குவதென்றால் மூன்று தலைமுறைக்கு மூலப்பத்திரம் கேட்டு, வில்லங்கம் பார்த்து, வக்கீலிடம் காட்டி, அதன்பிறகும் பத்து நாள் யோசிக்கிற நீங்கள், இறந்தவனுடைய முகத்தை வாங்கும்போது மட்டும் விற்கிறவனுடைய வாய்ச்சொல்லை வேதவாக்காகக் கொள்வது, தெரியாமையினால் அன்று. தெரிந்துகொள்ள விரும்பாமையினால் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவதாக, சிறிது குத்தலாகவே கேட்பீர்கள்: மேனாட்டு ஆராய்ச்சியாளர் மட்டும் எடுத்துச்செல்லவில்லையா? எடுத்துச்சென்றார்கள். 1950-51-இல் வெண்டல் பிலிப்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர், விவிலியத் தொல்லியலில் பெரும்புகழ் பெற்றிருந்த வில்லியம் ஆல்பிரைட்டையும் அழைத்துக்கொண்டு, லாரிகளும் கருவிகளுமாகப் பைஹானுக்கு வந்து திம்னாவைத் தோண்டினார். நகரத்தின் தென்வாயிலருகே, யபஷ் என்னும் மாளிகையின் இடிபாடுகளில், முதுகில் குழந்தையொன்று அமர்ந்திருக்கும் வெண்கலச் சிங்கங்கள் இரண்டு அகப்பட்டன. இடுகாட்டுக் குன்றில், ஓர் இளம்பெண்ணின் அலபாஸ்டர்த் தலை கிடைத்தது. தோண்டிய கூலியாட்கள் அதற்கு மிரியம் என்று செல்லப்பெயர் இட்டார்கள். பிலிப்ஸ் கூட்டிச்சென்ற ஆரவாரமும், அக்காலத்து வழக்கப்படி கண்டெடுத்தவற்றில் தோண்டினவர்க்கும் பங்கு உண்டு என்ற ஏற்பாடும், எனக்கு உவப்பானவை அல்ல. அவர் எழுதிய பிரயாண நூலில் அரேபியரைவிட அவரே அதிகமாகக் காணப்படுகிறார். ஆனால் அவரைச் சேர்ந்த அறிஞர்கள் எந்தக் கல் எந்த அறையில், எந்தச் சாம்பல் படிவத்துக்கு மேலே அல்லது கீழே கிடந்தது என்பதை எழுதிவைத்தார்கள். அக்குறிப்புகளை வைத்துக்கொண்டு, அவர்கள் கண்ட முடிவுகளையே பின்வந்தவர்கள் மறுக்கவும் முடிந்தது. திம்னாவின் பெருங்கட்டடம் ஒன்றை முதலில் கோயில் என்றார்கள். 1999-க்குப்பின் அங்கே வேலைசெய்த இத்தாலிய, பிரெஞ்சு அறிஞருட் சிலர் அது அரண்மனையாதல் வேண்டும் என்றார்கள். தவறு செய்தவனுடைய குறிப்பேடுகூடப் பயன்படுகிறது. திருடனுக்குக் குறிப்பேடே இல்லை. அவன் குழியில் இறங்கிய இடத்தில் இனி எவரும் எதையும் மறுக்கவோ உறுதிப்படுத்தவோ முடியாது.

அக்கல்லறைகள் முற்காலத்திலேயே கொள்ளையடிக்கப்பட்டவைதாமே என்று கேட்பாரும் உண்டு. ஆம், பொன்னைத் தேடிவந்த பழந்திருடர் பலர் அவற்றுள் புகுந்திருக்கின்றனர். அவர்களுக்கு இம்முகங்கள் வேண்டியிருக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்றதை இப்போது வாரிக்கொண்டு போகிறவர்கள், வாங்குவோர் இருக்கிறார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் வருகிறார்கள்.

தமிழில் இம்மடலை எழுதுகிற எனக்கு இதில் என்ன அக்கறை என்று ஒருவேளை நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. ஓமான் நாட்டின் சலாலாவுக்கு அருகே சும்ஹுராம் என்னும் பழைய துறைமுகம் இருக்கிறது. திம்னாவுக்கு அண்டையிலிருந்த ஹத்ரமவுத் அரசர்கள் குங்கிலிய வாணிகத்துக்காக அமைத்தது. அங்கே தோண்டிய இத்தாலிய அறிஞர்க்கு 2006-இல் உடைந்த பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு பெயர் கீறப்பட்டிருந்தது. கீரன் என்று முடியும் தமிழ்ப் பெயர். கடல்கடந்து அங்கே போன ஒரு தமிழனோ, அவனுடைய சரக்கோ, அத்துறையில் தங்கியிருந்ததற்கு அது சான்று. சந்தையில் அவ்வோட்டுக்கு ஒரு காசும் கிடைக்காது. உங்களுள் எவரும் அதைப் பீடத்தில் ஏற்றமாட்டீர்கள். கொள்ளைக்காரன் கையில் அது அகப்பட்டிருந்தால், அழகான ஏதோ ஒன்றைத் தேடும் அவசரத்தில், மண்ணோடு மண்ணாக அள்ளி எறிந்திருப்பான். தூரிகையும் பொறுமையுமாக மண்ணைத் தள்ளிய ஒருவருடைய கண்ணில் பட்டதால், எங்கள் மூதாதையர் ஒருவருடைய பெயர் மிஞ்சியது. திம்னாவின் குன்றுச்சரிவில் உங்களுக்காகத் தோண்டப்பட்ட ஒவ்வொரு குழியிலும், இப்படி எறியப்பட்ட ஓடுகள் எத்தனை, அவற்றில் எவரெவர் பெயர்கள் இருந்தன என்பதை நினைக்கும்போது, அந்த ஓட்டின் இனத்தானாகிய எனக்கு மனம் ஆறவில்லை.

மற்றொரு காரணம் எங்கள் சொந்த அனுபவம். தஞ்சைத் தரணியில் பத்தூர் என்னும் சிற்றூரில், 1976-இல், கூலியாள் ஒருவன் மண்ணைத் தோண்டும்போது நடராஜ விக்கிரகம் ஒன்று வெளிப்பட்டது. அது கைமாறி, கடல் கடந்து, லண்டன் மாநகரத்தில் விலைக்கு வந்தது. வாங்கினவர்களும் உங்களைப்போல் மதிப்புள்ளவர்களே. நல்லெண்ணத்தோடு வாங்கினோம் என்றே அவர்களும் சொன்னார்கள். இடிந்துகிடந்த அக்கோயிலின் சார்பாக வழக்காடியபோது, கோயிலுக்கும் உரிமை கேட்க அதிகாரம் உண்டு என்பதை ஆங்கில நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. 1991-இல் அவ்விக்கிரகம் திரும்பிவந்தது. எங்களுக்கு ஓர் அரசாங்கம் இருந்தது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இருந்தது. சாட்சி சொல்ல அறிஞர்கள் இருந்தார்கள். அத்தனையும் இருந்தே ஆண்டுகள் பல சென்றன. இரண்டு அரசாங்கங்களாகப் பிளந்து, அரசு ஊழியர்க்குச் சம்பளமே ஒழுங்காகக் கொடுக்கமுடியாத நிலையில் கிடக்கும் ஏமன் தேசம், உங்கள்மேல் எந்த நீதிமன்றத்தில் போய் வழக்காடும்? அது வழக்காட வராது என்பதே உங்களுடைய உரிமைக்கு ஆதாரமாகிவிட்டதா?

தோண்டுகிறவனை நான் குறைசொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதிருக்க வேண்டுகிறேன். மூன்று நாள் சோறில்லாத குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிற தகப்பன், இடுகாட்டுக் குன்றில் கடப்பாறையோடு ஏறுவதை வெளியிலிருந்து கண்டிப்பது எளிது. அவனுக்குக் கிடைப்பது சில நாள் மாவுக்கும் எண்ணெய்க்குமான கூலி. தொகை பெருகுவதெல்லாம் அவனுக்கு அப்பால், அரபுத் துறைமுகங்களிலும் மேனாட்டுக் கடைத்தெருக்களிலும். பசி தீரட்டும், போர் ஓயட்டும், பிறகு பார்க்கலாம் என்றும் நீங்கள் சொல்லக்கூடும். போர் ஓய்வதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய இயலாது என்பது மெய், நானும் இயலாதவனே. ஆனால் வாங்குவது என்பது உங்கள் கையில், உங்கள் கையில் மட்டுமே, இருக்கிற காரியம். பசித்தவனுக்கு உதவவேண்டுமென்ற தயை உண்மையில் உங்களுக்கு இருக்குமானால், அதற்கு அவனுடைய பாட்டனுடைய கல்லறையை ஈடாகக் கேட்கவேண்டிய அவசியமில்லை.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. எனினும் கலாசாரப் பொருள்களைச் சட்டவிரோதமாகக் கடத்துவதைத் தடுக்கும் 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஒப்பந்தத்தில் ஏமன் 2019-இல் சேர்ந்தது என்பதையும், அமெரிக்க அரசாங்கம் 2020-இல் அந்நாட்டுத் தொல்பொருள்களின் இறக்குமதிக்கு அவசரத் தடை விதித்தது என்பதையும் உங்கள் வணிகர்கள் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். லண்டன் மாநகரத்தின் கிழக்குப் பகுதியில், வீட்டு அலங்காரப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், விளக்குகளுக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே, தென்னரேபியக் கல்லறைக் கற்கள் நான்கு விலைக்கு வைக்கப்பட்டிருந்ததையும், தொல்லியலில் ஆர்வமுள்ள ஒருவர் அதைக் கண்டதையும், போலீசார் அவற்றைக் கைப்பற்றியதையும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அதற்குப்பின் நடந்ததுதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது. 2023-ஆம் ஆண்டில், ஏமன் அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்நான்கையும் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. அந்நாட்டில் அமைதி திரும்பி அவை போய்ச்சேரும் காலம் வரைக்கும் அவற்றைப் பேணுவது, படித்து ஆராய்வது, மக்களுக்குக் காட்டுவது, உரிமை மட்டும் ஏமனுக்கே என்பது ஏற்பாடு. அதே ஆண்டில் அமெரிக்காவில், பறிமுதல் செய்யப்பட்டிருந்த 77 பொருள்கள் ஏமனுக்கு உரியவை என்று ஒப்படைக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை உங்களிடமிருப்பவற்றைப் போன்ற கல்முகங்களே. அவையும் அந்நாட்டின் வேண்டுகோளின்படி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் தற்காலிகமாக வைக்கப்பட்டன. திருப்பிக் கொடுத்தால் குண்டுக்கு இரையாகிவிடுமே என்ற உங்கள் பழைய ஆட்சேபத்துக்கு, உங்களைவிடப் பெரிய நிலையங்கள் விடை கண்டுவிட்டன. இனி அந்த ஆட்சேபத்தைச் சொல்லாதிருப்பது உங்கள் கௌரவத்துக்கு நல்லது.

ஆகவே என் விண்ணப்பம் இது. 1970-க்கு முன்பே அரேபியாவைவிட்டு வெளியேறியது என்பதற்குப் பெயரும் தேதியும் உள்ள பத்திரம் இல்லாத எந்தத் தென்னரேபியப் பொருளையும், எவ்வளவு அழகாயிருந்தாலும், எவ்வளவு மலிவாயிருந்தாலும், வாங்காதீர்கள். பரிசாகக் கொடுத்தாலும் ஏற்காதீர்கள். விலைபேசித் தரும் வணிகர்களே, அப்படிப்பட்ட பொருள் உங்கள் கடைக்கு வந்தால், அதைக் கொண்டுவந்தவருடைய முகத்தை நோக்கி, எங்கே தோண்டியது என்று ஒரு முறையேனும் உரக்கக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போகிறவர் உங்களைக் கைவிலங்கிலிருந்து காப்பாற்றியவர் என்று கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு இன்னும் சிறிது சொல்லவேண்டும். உங்களிடமுள்ளதை நாற்புறமும், தட்டையான பின்புறத்தையும் கழுத்தடிச் சாந்தையும் விடாமல், அளவுகோலை அருகில் வைத்துப் புகைப்படம் எடுங்கள். பீடத்தோடு கூடியதாயின், அதிலுள்ள எழுத்து உங்களுக்கு வெறுங்கோடுகளாகத் தோன்றினாலும், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரியும்படி பக்கவாட்டில் விளக்கை வைத்துப் படம் எடுங்கள். அது 29 மெய்யெழுத்துகள் மட்டும் கொண்ட லிபி. படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியிலுள்ள பீசா நகரத்து அறிஞர்கள் தென்னரேபியச் சாசனங்களையெல்லாம் ஒரே தொகுப்பாகத் திரட்டிவருகின்றனர். அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். முகம் இழந்த பெயர்ப்பீடம் ஒன்று ஏதேனும் ஓர் அருங்காட்சியகத்தில் கிடக்க, பெயர் இழந்த முகம் உங்கள் கூடத்திலிருக்க, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துபவை என்று ஒருவர் கண்டுபிடிப்பதற்கு அந்தப் படம் போதும்.

அதன்பிறகு, உங்கள் நாட்டிலுள்ள ஏமன் தூதரகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இப்பொருள் என்னிடமிருக்கிறது, இன்னாரிடம் இன்ன ஆண்டில் வாங்கினேன், இது உங்களுடையது, நீங்கள் விரும்பும் அருங்காட்சியகத்தில் உங்கள் பெயரில் ஒப்படைக்கச் சித்தமாயிருக்கிறேன் என்று நான்கு வரி எழுதினால் போதும். பிள்ளைகளுக்கு எழுதிவைத்துவிட்டுப் போகலாம், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று எண்ணாதீர்கள். அவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திராது, அடுத்த ஏலத்தில் அது பாட்டனார் காலத்துச் சேகரிப்பு என்ற புதிய போர்வையோடு மறுபடியும் விலைக்கு வரும். கடிதத்தை நீங்களே, உங்கள் கையெழுத்தோடு, இந்த மாதத்துக்குள் எழுதுங்கள். அதன் பிரதியொன்றை உங்களுக்கு அப்பொருளை விற்ற வணிகருக்கும் அனுப்புங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விரும்பும்
ஒரு தமிழ் எழுத்தாளன்